கல் வாய்க்குள் கை

நான் ரோம் நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போனபோது எனக்கு ஒன்பது வயது. ஓர் ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்காக மூன்று கிழமை, இருபத்தொரு நாள், வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போன குடும்பம் கனடாவின் ஸ்காபரோவிலேயே எங்களுடையது மட்டும்தான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். வளர்ந்தபிறகு அங்குமிங்கும் விசாரித்ததில் அப்படியும் சொல்லமுடியாது என்று தெரிந்தது.

ஒத்திகை எங்கள் அபார்ட்மென்ற் குசினியில் நடந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்து முகம் கழுவியதும் அப்பா அம்மாவின் தையல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்காருவார். கண்ணாடி ஏறிவிட்டால் அவர் அப்பா இல்லை, எயார்போட் அதிகாரி. மேசைக்கு மறுபுறம் நானும் அம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

"ஹூ இஸ் திஸ் லேடி?" என்று அதிகாரி கேட்பார்.

"மை மதர்" என்பேன். உடனே எனக்கு விக்கல் வரும்.

விக்கலுக்குக் காரணம் இருந்தது. அந்தக் குசினியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அம்மாதான் என்றாலும், அவர் அப்போது சின்னம்மாவின் பாகத்தை நடித்துக்கொண்டிருந்தார். நிஜமான சின்னம்மா, அதாவது அம்மாவின் ஒரே தங்கை, ரோமில் நின்றார். அவர்தான் எயார்போட்டில் அம்மாவின் பாகத்தை நடிக்கவேண்டியவர். சின்னம்மாவாக நடிக்கும் அம்மாவை, அம்மாவாக நடிக்கும் சின்னம்மா என்று நினைத்துக்கொண்டு நான் அம்மா என்று சொல்லவேண்டும். பெரிய ஆட்களுக்கே தலை சுற்றும். எனக்கு விக்கல் வந்தது.

"தண்ணி குடி. திருப்பிச் சொல்லு" என்பார் அப்பா. மூன்றாம் கிழமை நான் நடந்தால் வயிற்றுக்குள் கிணறு தளும்புவதுபோல் சத்தம் கேட்டது.

"சின்னம்மாவில சின்னத்தை விட்டிட்டுக் கூப்பிடு. உதுக்கேன் உனக்கு இவ்வளவு பாடு?"

"ஓமப்பா" என்றேன். விக்கினேன்.

சின்னம்மா ஊரிலிருந்து வெளிக்கிட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. ரோமிலிருந்து கனடாவுக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்ன ஏஜென்சிக்காரர் ஒருநாள் காலை பேக்கரியில் பாண் வாங்கிவருகிறேன் என்று போனவர், இன்றுவரை வாங்கிக்கொண்டிருக்கிறார். சின்னம்மாவின் கணவர் உயிரோடு இல்லை. என்னைவிட ஒரு வயது குறைந்த மகனை வவுனியாவில் கணவருடைய ஆட்களிடம் விட்டுவிட்டு அவர் வந்திருந்தார். சின்னம்மா கனடாவில் கால் வைத்து அகதி வழக்குப் போட்டால்தான் மகனைக் கூப்பிடமுடியும். "நீ ஒழுங்காச் சொன்னா தம்பியும் இஞ்ச வருவான், ரெண்டுபேரும் விளையாடலாம்" என்று அம்மா சொல்லியிருந்தார். அவன் வந்தால் என்னுடைய கட்டிலில் பாதி போய்விடும் என்பதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே அரசியல் சிக்கல்.

திட்டம் அப்பாவுடையது. அந்தக் காலத்தில் பிள்ளைகளின் பெயரைத் தாயின் பாஸ்போட்டிலேயே எழுதிவிடலாம். என் பெயர் அம்மாவின் பாஸ்போட்டில் இருந்தது. அதில் ஒட்டியிருந்த படம் அம்மா மெலிந்திருந்தபோது எடுத்தது. பிறகு கனடா அவரை வஞ்சகமில்லாமல் வளர்த்துவிட்டது. ஆகவே அந்தப் படத்தில் இருப்பவர் அம்மாவைவிடச் சின்னம்மாவின் சாயலாகத்தான் இருந்தார். குறை, நாடியில் அம்மாவுக்கு இருந்த மச்சம் ஒன்றுதான். நானும் அம்மாவும் ரோமுக்குப் போவது, நானும் சின்னம்மாவும் திரும்பி வருவது, அம்மா அங்கேயே நின்று பாஸ்போட் துலைந்துவிட்டது என்று தூதரகத்தில் அழுது புதிது எடுத்துக்கொண்டு பின்னால் வருவது. பிள்ளையோடு வரும் தாயை யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்று அப்பா கேட்டார். திட்டத்தில் ஓட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்கு ஒன்பது வயது.

மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் போனோம். விடுமுறை முடிந்து வரும்போது எல்லோரும் ஒரு பொருள் கொண்டுவந்து அதைப் பற்றி வகுப்பில் கதைக்கவேண்டும் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். எனக்கு அந்தக் கவலை வேறு.

சின்னம்மா ரோமில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் எங்கள் ஆட்கள் சிலரோடு இருந்தார். கதவைத் திறந்தது சின்னம்மா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நெடுநேரம் வாசலிலேயே நின்றார்கள். பிறகு அம்மா கைப்பையிலிருந்து கண்மைப் பென்சிலை எடுத்து, தங்கையின் நாடியை நிமிர்த்தி, மச்சம் ஒன்று வைத்தார். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இரண்டு அம்மா. என் கால் நடுங்கத் தொடங்கியது அப்போதுதான். அன்று தொடங்கியது, இன்று என் சொந்தப் பாஸ்போட்டை, என் சொந்தப் பெயரோடு, என் சொந்த மனைவி பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீட்டும்போதும் நடுங்குகிறது. இப்போது நாங்கள் இருக்கும் மில்லிக்கனிலிருந்து எயார்போட்டுக்குப் போகும் வழியிலேயே பிள்ளைகள் பந்தயம் கட்டுகிறார்கள், அப்பாவுக்கு எந்த இடத்தில் வியர்க்கும் என்று.

அடுத்த நாளிலிருந்து அம்மா அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஐந்து நாளும் நானும் சின்னம்மாவும் மட்டும் ஊர் பார்க்கவேண்டும், பெடியன் பழகட்டும் என்பது தொலைபேசியில் அப்பா போட்ட உத்தரவு. போகிற இடமெல்லாம் படம் எடுக்கவேண்டும். தாயும் மகனும் சுற்றுலா வந்ததற்கு அத்தாட்சியாக அந்தப் படங்களை ரோமிலேயே கழுவிக் கைப்பையில் வைத்துக்கொள்ளவேண்டும். சின்னம்மா அம்மாவின் மெரூன் நிறக் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு, மச்சத்தை வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் மாடி ஜன்னலில் அம்மா நின்றார். அந்த ஊரில் நான் கண்ணெடுக்காமல் பார்த்த காட்சி அது ஒன்றுதான்.

சின்னம்மாவும் ரோமை அப்போதுதான் பார்த்தார். ஏழு மாதத்தில் அவருக்குத் தெரிந்த ரோம், ரயில் நிலையம், தொலைபேசிக் கூண்டு, கன்னியாஸ்திரிகள் சூப் கொடுக்கும் வரிசை, இவ்வளவும்தான். உலகமெல்லாம் வந்து பார்க்கும் அந்தப் பெரிய வட்ட அரங்குக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"உது எந்தப் பிளேன் அடிச்சது?"

"அது பழசு. ரெண்டாயிரம் வருசம்."

"ரெண்டாயிரம் வருசமா உப்பிடியே திருத்தாமல் விட்டிருக்கினமோ?" இடிந்த பக்கத்தைக் கையால் காட்டினார். "அப்ப எங்கட வீட்டுக்கும் ஒரு ரிக்கெற் போட்டு ஆக்களை விடலாம்."

சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, அம்மாவுக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல உடனே நிறுத்திக்கொண்டேன்.

கமராவை யாரிடமாவது கொடுத்துத்தான் படம் எடுக்கவேண்டும். சின்னம்மா ஆட்களைத் தரம் பிரித்து வைத்திருந்தார். இளம் பெடியன்களிடம் கொடுப்பதில்லை, கொண்டு ஓடிவிடுவார்கள். ஜப்பான்காரரிடம் நம்பிக் கொடுக்கலாம், அவர்களிடம் இதைவிட நல்ல கமரா இருக்கிறது. அவரை என்னவென்று கூப்பிடுவது என்பதுதான் எனக்குப் பிரச்சினை. சின்னம்மா என்று கூப்பிடக்கூடாது. அம்மா என்று கூப்பிட்டால் விக்கல். ஆகவே இரண்டையும் விட்டுவிட்டு, அம்மா அப்பாவைக் கூப்பிடுவதுபோல "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தேன். ரோம் நகரத்துப் படிகளில் ஒரு பெண்ணின் பின்னால் இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ என்று ஓடிய ஒரே ஆம்பிளை நான்.

"அம்மா எண்டு ஒருக்கால் சொல்லு ராசா."

"அம்மா." விக்கினேன்.

"ஆரோ நினைக்கினம்" என்றார். பிறகு என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "என்ர பிள்ளைதான் என்னை நினைக்கிறான்போல. ஆள்மாறி உனக்கு வருது."

ஐஸ்கிரீம் தின்றால் பெருவிரலை நாக்கில் தொட்டு என் வாயைத் துடைத்துவிட்டார். எனக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு, இது பெரிய அவமானம். அடிக்கடி என்னைத் தன்னோடு சேர்த்து நிறுத்தி, உச்சந்தலையில் கையைத் தட்டையாக வைத்து, தன் நெஞ்சில் எதுவரைக்கும் வருகிறேன் என்று பார்த்தார். தாய்க்கும் மகனுக்கும் உயரம் பொருந்துகிறதா என்று சரிபார்க்கிறார், இதையும் எயார்போட்டில் அளப்பார்களாக்கும் என்று நினைத்து நான் நுனிக்காலில் எம்பி நின்று உதவி செய்தேன்.

நாலாம் நாள் ஒரு பழைய தேவாலயத்துக்குப் போனோம். முன்மண்டபச் சுவரில் வண்டிச் சில்லு அளவில் ஒரு கல் முகம் சாத்தி வைத்திருந்தார்கள். திறந்த வாய். அதற்கு முன்னால் வரிசை. ஒவ்வொருவரும் வாய்க்குள் கையை விட்டுப் படம் எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த பலகையை ஆங்கிலத்தில் வாசித்தேன். வாசித்திருக்கக்கூடாது.

"என்னவாம்?" என்றார் சின்னம்மா.

"இதுக்குப் பேர் உண்மையின் வாய். பொய் சொல்லுற ஆக்கள் கை வைச்சா கடிச்சுத் துண்டாக்குமாம்."

சொல்லி முடிக்கும்போதே எனக்குக் கணக்கு ஓடியது. குசினியில் மட்டும் எத்தனை தடவை. ரோமில் எத்தனை தடவை. நாளைக்கு மறுநாள் சொல்லவேண்டியது ஒன்று. ஒரு கை போதுமா, இரண்டும் போகுமா? வலது கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் ஒளித்தேன். இடது கையையும் ஒளித்தேன். வரிசை நகர்ந்தது. என் முறை வந்தபோது நான் அங்கே ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டிப்பிடிக்கக் கைகள் வெளியே வரவேண்டியிருந்ததில் பயம் இரட்டித்தது.

"வாவன் ராசா, ஒரு படம்."

"எனக்குக் கை வேணும்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சின்னம்மா கமராவை ஒரு ஜப்பான்காரரிடம் கொடுத்துவிட்டுத் தானே போய் வாய்க்குள் கையை விட்டார். மற்றவர்கள் விட்டதுபோல் இல்லை. முழங்கைவரை விட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். படம் எடுத்தாயிற்று, வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள், அவர் கையை எடுக்கவில்லை. எனக்கு உயிர் போய்விட்டது. சின்னம்மாவின் கை உள்ளே அகப்பட்டுவிட்டது, இனி ஒற்றைக் கையோடு இருப்பவரைப் பாஸ்போட் படத்தோடு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடுவோம் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

கையோடு திரும்பி வந்தார்.

"கடிச்சதோ?"

"இல்லை. பல்லில்லை அதுக்கு."

"என்ன சொன்னனீங்கள்?"

"நீ என்ர பிள்ளை எண்டு சொன்னன்" என்றார். "கடிக்கேல்லை."

எயார்போட்டுக்கு அம்மா வரக்கூடாது என்பது கண்டிப்பான ஏற்பாடு. அறை வாசலில் அம்மா எனக்குத் தலை சீவிவிட்டார். நான் பாடமாக்கியதையெல்லாம் ஒப்பித்தேன். விக்கல் வரவில்லை. அம்மா கெட்டிக்காரன் என்றார். சின்னம்மா மெரூன் கோட்டுப் பையில் பாஸ்போட்டையும் ரிக்கெற்றுகளையும் வைத்துப் பொத்தான் போட்டார்.

கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். படத்தைப் பார்த்தாள், சின்னம்மாவைப் பார்த்தாள், திருப்தியாகத் தலையாட்டினாள். என் பெயரைக் கேட்டாள், சொன்னேன். வயது, சொன்னேன். அப்பா இதையெல்லாம் படிப்பித்திருந்தார். பிறகு அவள் மேசைக்கு மேலால் குனிந்து, ரோமில் உனக்கு எது நன்றாகப் பிடித்தது என்று கேட்டாள்.

மூன்று கிழமைப் பாடத்தில் இல்லாத கேள்வி. நான் யோசித்தேன். என் மூளைக்குள் ரோம் என்று இருந்தது ஒரே ஒரு கல் முகம்தான். அதை நினைத்ததும் விக்கினேன். அவள் சிரித்தாள். மறுபடி விக்கினேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திரும்பினால், தூரத்தில் ஒரு தூணின் மறைவில் அம்மா நின்றார். வரக்கூடாதவர். கையில் ஓர் இத்தாலியச் சஞ்சிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதன் மேலால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி அவரை விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. அதுவரை ஒத்திகை பார்த்ததில் வசனம் இருந்தது, இது இருக்கவில்லை.

"அம்மாட்டப் போகவேணும்" என்று அழத்தொடங்கினேன்.

என்னுடைய கலவரத்தை எத்தனையோ சபைகளில் நடித்துக்காட்டி ஆட்களைச் சிரிக்கவைத்திருக்கிறேன். மூக்கால் ஒழுகியதையும், விக்கலும் அழுகையும் சேர்ந்து நான் பழுதான மோட்டார்போலச் சத்தம் போட்டதையும். அடுத்து நடந்ததை மட்டும் நடித்துக்காட்டுவதில்லை.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஒரு பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறது, அவ்வளவுதான் அவள் கண்டது. ஒரு கையால் எனக்கு மிட்டாய் நீட்டினாள். மற்றக் கை இருக்கை அட்டை அடிக்கும் இயந்திரத்தில் இருந்தது. இன்னும் பத்து விநாடியில் அட்டை வந்திருக்கும். சின்னம்மா என் பக்கத்தில் குந்தி என் முகத்தைப் பார்த்தார். வாய் துடைக்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை, பார்த்தார். பிறகு எழும்பி மேசையிலிருந்த பாஸ்போட்டைத் தன் கையால் எடுத்தார்.

"ஹி சிக்" என்றார். "வெயிற்."

பெட்டியைத் தராசிலிருந்து இறக்கி இழுத்துக்கொண்டு, மற்றக் கையில் என்னைப் பிடித்துக்கொண்டு, நேரே தூணுக்கு வந்தார். என் கையை அம்மாவின் கைக்குள் வைத்தார்.

"என்னடி செய்யிறாய்? அவள் ஒண்டும் கேக்கேல்லையே."

"அவள் கேக்கேல்லை அக்கா. உவன்ர முகத்தைப் பார்."

"சின்னப்பிள்ளை. பிளேன் ஏறினா மறந்திடுவான்."

"மறக்கான். நான் விட்டிட்டு வெளிக்கிடேக்கை என்ர பிள்ளையும் உப்பிடித்தான் நிண்டவன்."

அம்மா அவரைப் பிடித்து உலுக்கினார். கவுண்டர் பக்கம் தள்ளினார். போ, போ என்றார். சின்னம்மா கைப்பையைக் கொடுத்தார், பாஸ்போட்டைக் கோட்டுப் பைக்குள் வைத்து, கோட்டைக் கழற்றி அம்மாவின் தோளில் போட்டார். "அங்கதான் குளிர், உனக்குத்தான் இது வேணும்." பெருவிரலை நாக்கில் தொட்டுத் தன் நாடியிலிருந்த மச்சத்தைத் துடைத்தார். அந்த விரலாலேயே என் கன்னத்தைத் தடவினார்.

"அழாதை. அம்மாவோட போ."

எனக்கு விக்கல் நின்றுவிட்டது.

வேறு கவுண்டர், வேறு பெண். அவள் பாஸ்போட் படத்தையும் அம்மாவையும் மாறி மாறி நெடுநேரம் பார்த்தாள். சின்னம்மாவை ஒரே பார்வையில் அம்மா என்று ஏற்றுக்கொண்ட ஊர், என் அம்மாவை அம்மா என்று ஏற்க யோசித்தது. உள்ளே போகும்போது திரும்பினேன். சின்னம்மா தூணடியில் மெல்லிய சுவெற்றரோடு, தலைகீழ்ச் சஞ்சிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கை காட்டினேன். மிகுந்த சந்தோசமாகக் காட்டினேன்.

விமானத்தில் என் சாப்பாட்டையும் அம்மா தொடாத சாப்பாட்டையும் சாப்பிட்டேன். கழிவறைக் கண்ணாடியில் பார்த்தபோது கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு இருந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். ரொறன்ரோவில் அப்பா, சின்னம்மாவின் அளவில் வாங்கிய புதுக் குளிர் ஜக்கெற் ஒன்றைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். எங்களைக் கண்டார். எங்களுக்குப் பின்னால் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் பார்த்தார். கடைசி ஆளும் வந்து முடிந்தபிறகு, "கார் தூரத்தில நிக்குது" என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு தடவை முயற்சிப்போம் என்று அம்மா தொலைபேசியில் மன்றாடியும் சின்னம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கிழவிக்குப் பணிவிடை செய்யும் வேலை கிடைத்து ரோமிலேயே நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். என்னோடு கதைக்கும்போது முதல் கேள்வி, "விக்கல் நிண்டிட்டுதோ?" என்பதாக இருக்கும். அவருக்கு அங்கே பத்திரங்கள் சரிவர ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் மகனுக்குப் பதினேழு வயதாகி, அவன் வன்னிக்குள், போருக்குள் அகப்பட்டிருந்தான். பதினேழு வயதுப் பிள்ளையை இயக்கத்துக்குக் கொடுக்காமல் வீட்டில் வைத்திருப்பது அந்த நாட்களில் அங்கே யாருடைய கையிலும் இல்லை. அவன் இல்லை என்ற செய்தி வந்தபிறகு சின்னம்மா என்னிடம் விக்கலைப் பற்றிக் கேட்டதில்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால். திரும்பி வந்த அந்தத் திங்கட்கிழமை எனக்கு வகுப்புக்குக் கொண்டுபோகப் பொருள் வேண்டியிருந்தது. அம்மா அலுமாரிக்குள் வைத்திருந்த படங்களை எடுத்துப் பார்த்தேன். இருபத்துநாலு படம். ஒன்றில்கூட அம்மா இல்லை. கல் வாய்க்குள் கைவிட்ட படத்தை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

வகுப்பில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. பொய்யரின் கையைக் கடிக்கும் கல் என்று சொன்னதும் பின் வரிசையில் இருந்தவர்களும் எழும்பி வந்தார்கள். ரீச்சர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையை விட்டுக்கொண்டிருப்பது உன் அம்மாவா என்று கேட்டார்.

"யெஸ். மை மதர்" என்றேன்.

காத்திருந்தேன். விக்கல் வரவில்லை. உன்னை அப்படியே உரித்து வைத்ததுபோல் இருக்கிறார் என்றார் ரீச்சர்.

பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஒரே ஓட்டம். அப்பா வேலையால் வந்து குசினி மேசையில் இருந்தார். மேசையில் அம்மாவின் தையல் கண்ணாடி கிடந்தது.

"அப்பா, இப்ப எனக்கு விக்கல் வாறேல்லை. நான் சரியாச் சொல்லுவன். வாங்கோ, திரும்பிப் போவம்."

அப்பா என்னைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு விளங்கிவிட்டது. கைகளை உடம்போடு ஒட்டவைத்து, நிமிர்ந்து, மேசைக்கு மறுபுறம் போய் நின்றேன். முதல் கேள்விக்காக நெடுநேரம் நின்றுகொண்டே இருந்தேன்.